ஷேடோ டீச்சர் வைத்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பள்ளி சொல்லலாமா? ஒரு தாயின் கேள்விக்கு விரிவான பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மகனுக்கு 9 வயது. ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் (கவனம் நிலைக்காமல் துடிப்பு மிகுந்திருக்கும் நிலை) இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். மெட்ரிக் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். நன்றாக வாசிக்கிறான், மனக்கணக்கு போடுகிறான். ஆனால் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வகுப்பைவிட்டு ஓடுகிறான், எழுதச் சொன்னால் அழுகிறான். "உங்கள் செலவில் ஒரு ஷேடோ டீச்சர் (வகுப்பில் பிள்ளையின் கூடவே இருந்து உதவும் ஆள்) வையுங்கள், இல்லாவிட்டால் டிசி வாங்கிக்கொண்டு ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்கள்" என்று முதல்வர் சொல்லிவிட்டார். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறதா, பெரியவனானால் இவனுக்கு யார் வேலை தருவார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: பிள்ளையை முழுக்க மாற்றிக் கொண்டுவந்தால்தான் இடம் உண்டா, அல்லது பள்ளியையும் கொஞ்சம் மாறச் சொல்லிக் கேட்கலாமா? கேட்கலாம். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் சிறப்புக் கல்வி படித்தவள். பல வருடங்கள் சாதாரணப் பள்ளிகளுக்குள்ளேயே சிறப்பாசிரியராக வேலை பார்த்தேன். இப்போது வளர்ந்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும் சில நிறுவனங்களுக்கும் ஆலோசனை சொல்கிறேன். மருத்துவரோ வக்கீலோ இல்லை. உங்கள் மகனைப் பார்த்ததும் இல்லை. ஆகவே அவனுக்கு எந்தச் சிகிச்சை, எவ்வளவு என்பதில் நான் தலையிட மாட்டேன். பள்ளி பற்றி மட்டும் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் இருக்கிறது, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் இருக்கின்றன. ஏடிஹெச்டி தனி வகையாக இல்லை. ஏடிஹெச்டி மட்டும் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சான்றிதழுக்கு அலைந்து வெறும் கையோடு திரும்புவது இதனால்தான். உங்கள் மகனுக்கு ஆட்டிசமும் இருப்பதால் அந்த வழியில் சான்றிதழ் கேட்கலாம். குறைபாட்டின் அளவு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் இடஒதுக்கீடு போன்ற சலுகைகள் வரும். இதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நடத்தும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது. பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்து தர வேண்டும், தனிப்பட்ட உதவி தர வேண்டும் என்கிறது. பெற்றோர் சொந்தச் செலவில் ஆள் வைத்தால்தான் பிள்ளைக்கு இடம் என்று அதில் எங்கேயும் இல்லை. கல்வி உரிமைச் சட்டமும், ஒரு பள்ளியில் சேர்ந்த பிள்ளையை எட்டாம் வகுப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது. அதனால் டிசி பேச்சுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் சட்டத்தின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 16ஆம் பிரிவு, பள்ளிகள் இவற்றையெல்லாம் செய்யும்படி அரசு "முயல வேண்டும்" என்றுதான் தொடங்குகிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தனியார் பள்ளிகள் நழுவுவதைப் பார்த்திருக்கிறேன். நீதிமன்றங்கள் நம் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கின்றன. 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில், 40 சதவீதச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் எழுதுவதில் சிரமம் உள்ளவருக்குத் தேர்வில் ஸ்க்ரைப் (அவர் சொல்லச் சொல்ல எழுதுபவர்) தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது சலுகையில்லை, மறுத்தால் அதுவே பாகுபாடு என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் அழுத்தமாக வருகிறது. அதே வருடம் அக்டோபரில், தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைச் சொன்னது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் சிறப்பாசிரியர் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி மாநிலங்களை மறுபடியும் விரட்ட வேண்டியிருந்தது. நிலைமை எங்கே நிற்கிறது என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

சரி, ஷேடோ டீச்சர். சில பிள்ளைகளுக்கு ஓர் ஆள் கட்டாயம் தேவை. சாலைக்கு ஓடிவிடுகிற பிள்ளை, தன்னையே அடித்துக்கொள்கிற பிள்ளை, கழிப்பறைக்கு உதவி வேண்டிய பிள்ளை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது வேறு. பயிற்சி இல்லாத, குறைந்த சம்பளத்தில் அமர்த்தப்பட்ட ஓர் இளம்பெண் பிள்ளையின் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். கிளாஸ் டீச்சர் அன்றிலிருந்து அந்தப் பிள்ளையிடம் பேசுவதை நிறுத்திவிடுவார், கேள்விகூட அவளிடம்தான் கேட்பார். மற்ற பிள்ளைகளும் அவளைத் தாண்டி அவனிடம் வர மாட்டார்கள். பிரிட்டனில் பல வருடம் நடந்து 2009இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, உதவியாளரோடு அதிக நேரம் இருந்த பிள்ளைகள் படிப்பில் குறைவாகவே முன்னேறினார்கள் என்று கண்டது. உதவியாளர்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை; பள்ளி அவர்களைப் பயன்படுத்திய விதம் சரியில்லை, ஆசிரியரின் நேரம் பிள்ளையிடமிருந்து பறிபோனது என்றுதான் அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆகவே ஒருவேளை நீங்கள் ஆள் வைக்கச் சம்மதித்தாலும் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: அவர் மகனுக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளாமல் வகுப்புக்கே உதவ வேண்டும், பாடம் நடத்துவதும் கேள்வி கேட்பதும் கிளாஸ் டீச்சரின் வேலை, எந்த பீரியடுகளிலிருந்து அவர் முதலில் விலகுவார் என்பது ஆரம்பத்திலேயே முடிவாக வேண்டும்.

இப்போது நான் மெனக்கெட்டுச் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். சட்டம் "உள்ளடக்கிய கல்வி" என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் இரண்டு பாதிகள் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிப்பது முதல் பாதி. கற்பிக்கும் முறை அதற்கேற்ப மாற்றப்படுவது இரண்டாம் பாதி. நம் பள்ளிகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. கடைசி பெஞ்சில் ஓர் இடம், ரிப்போர்ட் கார்டில் "முயற்சி தேவை". இதை நான் சேர்த்துக்கொள்வது என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாம் பாதி எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றைப் பக்கத்திலிருந்து காட்டுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நான் இருந்த ஒரு பள்ளியில் ஒரு பையன் தினமும் இடைவேளைக்கு முந்தைய பீரியடில் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். அது கணக்குப் பாடம். அவனுக்குக் கணக்கு பிடிக்காது என்று டீச்சர் முடிவு கட்டியிருந்தார். அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது, பிரச்சினை கணக்கில்லை. இரும்பு மணி அந்த வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. இடைவேளை மணி எப்போது விழுமோ என்று பையன் பீரியட் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தான். அந்தப் பயத்தில் கணக்கு எங்கே ஏறும்? நாங்கள் செய்தது இவ்வளவுதான். அவனை ஜன்னலிலிருந்து தள்ளி, சுவரோரம், முன் வரிசையில் உட்காரவைத்தோம். மணி அடிக்கும் ஆயாம்மா அடிப்பதற்கு முன் வாசலில் நின்று அவனைப் பார்த்துக் கையைத் தூக்குவார். அவன் காதைப் பொத்திக்கொள்வான். மணி அடிக்கும். அவன் கையை எடுப்பான். பெஞ்சுக்கு அடியில் போவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுவிட்டது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. யாரோ ஒருவர் நின்று கவனிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உங்கள் மகனுக்கும் மணிதான் காரணமா, அல்லது மணிக்குப் பிறகு வரும் தள்ளுமுள்ளா, அடுத்து என்ன வருமென்று தெரியாத பதற்றமா என்பதை முதலில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எந்த பீரியட், எந்த இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று கிளாஸ் டீச்சர் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்தாலே பாதி புரிந்துவிடும்.

அடுத்தது, இன்றைக்கு என்ன நடக்கப்போகிறது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிவது. கரும்பலகையின் ஓரத்தில் அன்றைய பீரியடுகளை வரிசையாக எழுதி, முடிந்ததை அழித்துக்கொண்டே வந்தால் போதும். ஒரு டீச்சர் வரவில்லை, பதிலுக்கு வேறு பாடம் என்றால் காலையிலேயே அதையும் எழுத வேண்டும். இப்படிப் படமாகவும் எழுத்தாகவும் நாளைக் காட்டுவது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. என் அனுபவத்தில் வகுப்பிலிருக்கும் மற்ற பிள்ளைகளும் அந்த ஓரத்தைத்தான் அடிக்கடி பார்ப்பார்கள்.

எழுதச் சொன்னால் அழுகிறான் என்பதைச் சோம்பேறித்தனமாக எடுத்துக்கொள்ள விடாதீர்கள். வாசிக்கவும் மனக்கணக்கு போடவும் தெரிந்த பிள்ளை எழுத்தில் மட்டும் உடைந்து போகிறான் என்றால் கையிலோ, எழுத்தைக் கோக்கும் விதத்திலோ சிரமம் இருக்கலாம். இதை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் நிபுணர்) ஒருவர் பார்ப்பது நல்லது. அதுவரை பள்ளி செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுத வைக்காமல் அச்சடித்த தாளைக் கொடுத்து அடிக்கோடிடச் சொல்லலாம். பத்துக் கணக்கில் நான்கை மட்டும் போடச் சொல்லலாம். நான்கு சரியாக வந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? சமூக அறிவியலில் வாயால் பதில் சொல்ல விடலாம். தட்டச்சு பழக்க 9 வயது நல்ல வயது. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: எழுதி முடிக்கவில்லை என்பதற்காக பிடி பீரியடையோ இடைவேளையையோ பறிக்கக் கூடாது. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்கு அந்த ஓட்டமும் ஆட்டமும்தான் அடுத்த பீரியடைத் தாங்கும் தெம்பு. வகுப்புக்குள்ளேயும் நோட்டுகளைக் கொடுத்து வருவது, போர்டு அழிப்பது, ஆபீஸுக்குச் சீட்டு கொண்டுபோவது என்று எழுந்து நடக்க ஒரு வேலை வைத்தால், அவனாக எழுந்து ஓடும் தேவை குறையும்.

மீறி ஒருநாள் கத்திவிட்டால்? அந்த நேரத்தில் பேச்சு உதவாது. சுற்றி நிற்கும் பிள்ளைகளை நகர்த்தி, சத்தத்தைக் குறைத்து, தெரிந்த ஒருவர் பக்கத்தில் பேசாமல் இருந்தால் போதும். அடங்கிய பிறகு "ஏன் அப்படிச் செய்தாய், ஸாரி சொல்" என்று விசாரணை நடத்தினால் அடுத்ததற்கு அங்கேயே விதை விழுகிறது. கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் வேண்டாம். கண்ணைப் பார்க்கும்போது காதில் விழுவதைப் பிடிக்க முடியவில்லை என்று வளர்ந்த ஆட்டிசக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். டேமியன் மில்டன் என்ற ஆட்டிசமுள்ள ஆய்வாளர் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரிந்துகொள்வதில் உள்ள இடைவெளி இரண்டு பக்கத்திலும் இருக்கிறது, நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளத் தவறுகிறோம் என்று. வகுப்பறையில் நான் பார்த்ததற்கு அது ரொம்பவே பொருந்துகிறது.

தேர்வைப் பற்றி இப்போதே யோசித்துவையுங்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி மூலமாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவற்றைப் பத்தாம் வகுப்பில் போய் முதல்முறையாகப் பயன்படுத்தினால் பிள்ளை திணறுவான். ஸ்க்ரைபுக்குப் பதிலைச் சொல்வதே ஒரு தனிப் பழக்கம், ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. சேர்த்துப் படிக்கவைத்தால் மதிப்பெண் கூடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், சராசரியில் பெரிய லாபமும் தெரியவில்லை, நஷ்டமும் தெரியவில்லை. பள்ளிக்குப் பள்ளி, பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது. மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடும் என்று சில பெற்றோர் சொல்வதற்கும் பொதுவாக ஆதாரம் கிடைக்கவில்லை. பிள்ளையை அமைதிப்படுத்தும் என்று விற்கப்படும் எடை வைத்த அங்கி போன்ற பொருட்களுக்கு ஆதாரம் பலவீனமானது. விலை கொடுத்து வாங்கும் முன் யோசியுங்கள். அப்புறம், ஸ்பெஷல் ஸ்கூல் என்றாலே தோல்வி என்ற எண்ணமும் எனக்கில்லை. பிள்ளையை தினமும் கேலி செய்கிற, டீச்சரே வெறுக்கிற சாதாரணப் பள்ளியைவிட, அவனை விரும்புகிற ஒரு நல்ல சிறப்புப் பள்ளி மேல். 40 சதவீதச் சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு, 6 முதல் 18 வயதுவரை பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டமே தருகிறது. தேர்ந்தெடுப்பது நீங்களாக இருக்க வேண்டும், பள்ளி உங்களைத் தள்ளிவிடக் கூடாது. அதுதான் என் கட்சி.

வேலை பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு இப்படிக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்ற கடமை உண்டு. பல இடங்களில் அது இணையதளத்தில் ஒரு பக்கமாக மட்டும் இருக்கிறது. இருந்தாலும் வழி இல்லாமல் இல்லை. டென்மார்க்கில் தோர்கில் சோனே என்பவர், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004இல் ஸ்பெஷலிஸ்டர்ன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நேர்முகத் தேர்வில் பேச்சுத்திறமையைப் பார்க்காமல், சில வாரம் உண்மையான வேலையைச் செய்யவிட்டுப் பார்க்கும் முறை அங்கிருந்து பரவியது. ஜெர்மன் சாஃப்ட்வேர் நிறுவனமான எஸ்ஏபி 2013இல் உலகளவில் அறிவித்த ஆட்டிசப் பணித் திட்டத்துக்கு முன்னோட்டம் நடந்த இடங்களில் பெங்களூரும் ஒன்று.

இதைப் படித்துவிட்டு எல்லா ஆட்டிசப் பிள்ளைகளும் சாஃப்ட்வேர் சோதிக்கப் பிறந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அபாரத் திறமை சிலருக்குத்தான் உண்டு. மற்றவர்கள் நம்மைப் போலச் சாதாரணமானவர்கள், அவர்களுக்கும் சாதாரண வேலை வேண்டும். நான் உடனிருந்து பார்த்த ஓர் இளைஞர் ஒரு கணக்கு அலுவலகத்தில் பில்களைச் சரிபார்க்கிறார். ஆரம்பத்தில் மேலாளர், "இதையும் கொஞ்சம் பார்த்து முடிச்சுடுங்க" என்பார். எதை, எப்போதைக்குள், எது முதலில் என்று இளைஞருக்குப் புரியாது. கேட்டால் கோபப்படுவாரோ என்று பயந்து சும்மா இருந்துவிடுவார். "எத்தனை மணிக்குள், எந்தக் கட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது" என்று மூன்று வரியில் எழுதிக் கொடுக்க மேலாளரைப் பழக்கினோம். உட்காரும் இடத்தை பிரிண்டருக்குப் பக்கத்திலிருந்து மாற்றினோம். மதியம் கூட்டத்தோடு சாப்பிடக் கட்டாயமில்லை என்றோம். வேலையின் அளவு குறையவில்லை. இப்போது அந்தப் பிரிவில் எல்லோருக்கும் வேலை எழுத்தில்தான் போகிறது.

9 வயதில் இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்குச் சத்தமாக இருக்கிறது, எனக்கு இடைவேளை வேண்டும், எனக்குப் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று அவனே சொல்லக் கற்றுக்கொள்வது. வாயால் வராவிட்டால் ஓர் அட்டையைக் காட்டட்டும். இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள்தான் பின்னாளில் வேலையில் நிலைத்து நிற்பதை நான் பார்க்கிறேன். மதிப்பெண் அவ்வளவு பெரிய வித்தியாசம் செய்வதில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது: முதல்வரிடம் வாயால் வாதாடாதீர்கள், ஒரு கடிதம் எழுதுங்கள். மருத்துவர் அறிக்கையின் நகலை வைத்து, நான்கே கோரிக்கை: உட்காரும் இடமும் மணிக்கு முன் சைகையும், கரும்பலகையில் அன்றைய வரிசை, எழுத்து வேலையைக் குறைத்து வாய்மொழிப் பதில், மாதம் ஒருமுறை கிளாஸ் டீச்சரோடு அரை மணி நேரம். ஷேடோ டீச்சர் கட்டாயம் என்றால் அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல பள்ளிகளின் தொனி மாறிவிடும். கடிதம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பதில் இல்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், அதற்கு மேல் மாநில ஆணையரிடமும் மனு கொடுக்கலாம். சான்றிதழும் யூடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இன்னும் எடுக்கவில்லை என்றால் அதே மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். மதிப்பீட்டுக்குச் சென்னைக்கு வர முடிந்தால் முட்டுக்காட்டில் உள்ள தேசிய பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தில் எல்லாப் பிரிவுகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பள்ளி என்ன பதில் சொன்னது என்பதை இங்கேயே எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்த கடிதத்தைச் சேர்ந்து எழுதலாம்.